ரூபி மைனியின் தூதனும் செல்வியின் நண்டும்

என் அருமை ரூபி மைனிக்கு,

சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்க வாய் வருகிறது. ஆனால் நீங்கள் சுகமாகத்தான் இருக்கிறீர்கள் என்று போதகர் உங்கள் அடக்க ஆராதனையிலேயே அடித்துச் சொல்லிவிட்டார். அதனால் நேராக இங்குள்ள சேதிக்கு வந்துவிடுகிறேன். உங்கள் தூதனைக் காப்பி அடித்துவிட்டார்கள் மைனி. அடித்ததோடு விடாமல் நாலு கால் கூடுதலாக வைத்துத் தைத்து, வட்டக்கோட்டை வாசலில் நண்டு என்று சொல்லி விற்றுக்கொண்டிருந்தார்கள்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு எந்தத் தூதன், என்ன கால் என்று ஒன்றும் புரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் பழையதைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தையல் கடையில் நான் பிளவுஸ் தைப்பேன். மிஞ்சுகிற வெட்டுத்துணியெல்லாம் உங்கள் பக்கம் வரும். நீங்கள் அதைத் துண்டு துண்டாக ஒட்டி, உள்ளே பழைய சேலையை மடித்து வைத்து, கட்டிலுக்கு விரிப்பு தைப்பீர்கள். ஒரு வருஷம் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கென்று நீலத் துணியில் ஒரு தூதனை வைத்துத் தைத்தீர்கள். ஆறு செட்டைகள் உள்ள பரலோகத் தூதன். இரண்டு சிறகு மேலே, இரண்டு நடுவில், இரண்டு கீழே. சுற்றிலும் சிவப்பும் வெள்ளையுமாக ஓரப்பட்டை.

சர்ச் வளாகத்தில் அதை வாழைக்குலைகளுக்கும் கால் கட்டிய கோழிகளுக்கும் நடுவே தொங்கவிட்டிருந்தோம். கையில் டீ கிளாஸுடன் வந்த உங்கள் வீட்டுக்காரர், என் அண்ணன், தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “கொள்ளாம். நல்ல நண்டு” என்றார். ஏலம் போடுகிறவர் காதில் அது விழுந்தது. அவ்வளவுதான். “நண்டு விரிப்பு! நண்டு விரிப்பு!” என்று ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டது.

அன்று வீட்டில் நடந்த பெகளத்தை நான் மறக்கவில்லை. “ஒங்களுக்கு எதப் பாத்தாலும் நண்டாத்தான தெரியுகு? அந்த விரிப்பையே அவிச்சுத் தாறேன், வச்சுத் தின்னுங்க” என்றீர்கள். அதன்பிறகு எத்தனையோ நாள் அந்த வீட்டில் மீன் வாசனையே கிடையாது. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. நண்டு விரிப்பு வேண்டும் என்றே ஆட்கள் தேடி வந்தார்கள். நீங்களும் ஒவ்வொருத்தரிடமும் “இது நண்டு இல்ல, தூதனாக்கும்” என்று சொல்லித்தான் கொடுப்பீர்கள். அவர்கள் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் நண்டைத்தான் விரிப்பார்கள்.

இனி உங்களுக்குத் தெரியாதது.

நீங்கள் போனபிறகு அண்ணன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டில் அத்தனை ஆட்களை அதட்டி வேலை வாங்கிய மனுஷன், ஓய்வு பெற்றபிறகும் காலையில் முகம் மழிக்காமல் காப்பி குடிக்காதவர், தாடியும் கைலிச் சாரமுமாக டிவி முன்னால் கிடந்தார். டிவியைப் போட்டிருக்க மாட்டார். நான் சோறு கொண்டு போனால் தின்பார். கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் பிளவுஸ் வாங்க வந்த ஒரு முட்டத்துக்காரி தன் போனை நீட்டி, “அக்கா, ஒங்க நண்டு வட்டக்கோட்டையில வெலைக்குக் கெடக்கு” என்றாள். பார்த்தேன். அதே நீலம், அதே ஓரப்பட்டை. எனக்கு வெப்ராளம் தாங்கவில்லை. அந்தப் படத்தை என் போனுக்கு வாங்கிக்கொண்டு போய் அண்ணனிடம் காட்டினேன்.

அவர் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். தூர வைத்தார். பிறகு எழுந்து நின்றார்.

“ஏட்டி ஜாய்ஸ், எவளாக்கும் இது? எனக்க பெண்டாட்டிக்க தூதன எடுத்து விக்கியது எவளாக்கும்?”

தூதன்! மைனி, அவர் வாயால் தூதன் என்று சொன்னார். முதல்முதலில் நண்டு என்று சொன்ன அதே வாய். அன்றைக்கே முகம் மழித்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டார். நான் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று தெரியாமல் பின்னாலேயே போனேன்.

முதலில் வக்கீலிடம் போனோம். வக்கீல் என்றால் நம் பெனிட்டாதான். அண்ணனின் சிநேகிதர் மகள். சண்டே ஸ்கூலில் நீங்கள் பாட்டுச் சொல்லிக்கொடுத்த பிள்ளை, இப்போது கறுப்புக் கோட்டும் கண்ணாடியுமாக உட்கார்ந்திருக்கிறாள்.

“அங்கிள், இத எங்கயாவது பதிவு பண்ணியிருக்கியளா?”

“எங்க கல்யாணம் பதிஞ்சிருக்கு. சர்ச்சுல போய்ப் பாரு.”

“கல்யாணம் இல்ல அங்கிள், டிசைன். சரி, ஆன்ட்டி அதப் படமா வரஞ்சாவது வச்சிருந்தாவளா?”

நீங்கள் எந்தக் காலத்தில் படம் வரைந்தீர்கள்? துணியிலேயே சாக்கட்டியால் ஒரு கோடு, உடனே கத்தரி. அந்தக் கோடும் முதல் துவைப்பிலேயே போய்விடும். அதைச் சொன்னேன். சோப்புத் தண்ணியில் போன ஆதாரத்தைக் கோர்ட்டில் எப்படிக் காட்டுவது என்று பெனிட்டா நெற்றியைத் தடவினாள்.

ஆனாலும் நல்ல பிள்ளை, விளக்கமாகச் சொன்னாள். தூதன் யாருக்கும் சொந்தமில்லையாம், நண்டும் யாருக்கும் சொந்தமில்லையாம். ஆனால் அதை இப்படி வெட்டி, இப்படி அடுக்கி, இந்த நிறத்துக்குப் பக்கத்தில் இந்த நிறத்தை வைத்தது உங்கள் மூளை, உங்கள் கை. அதற்கு உரிமை உண்டு என்று வாதாடிப் பார்க்கலாமாம். அண்ணன் மேசையைத் தட்டி, “அப்பிடிச் சொல்லு மக்கா” என்றார்.

“ஆனா அங்கிள், மனுவுல இது என்னன்னு எழுத?”

“தூதன்னு எழுது.”

“எழுதலாம். அவுங்க வக்கீல் எந்திரிச்சு, ‘ஐயா, அவியளுக்க விரிப்புல உள்ளது தூதன், எங்களுக்கதுல உள்ளது நண்டு, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்’னு கேப்பாரு. சரி, நண்டுன்னே எழுதுவோமா?”

அண்ணன் மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். செத்துப்போன பெண்டாட்டியின் தூதனைக் கோர்ட்டில் நண்டு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. “கேஸு வேண்டாம். நேர்ல போய்க் கேட்டுக்கிடுகேன்” என்று எழுந்துவிட்டார்.

மறுநாளே வட்டக்கோட்டைக்குப் போனோம். கோட்டை வாசலில் சங்கு மாலைக்கும் உப்பு மாங்காய்க்கும் இடையில் ஒரு பெரிய குடை. குடையின் கீழே உங்கள் விரிப்புகள் கயிற்றில் தொங்குகின்றன. பக்கத்தில் நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு பெண். பெயர் செல்வி என்று பிறகுதான் தெரிந்தது. பூதப்பாண்டிப் பக்கம் வயல்காரக் குடும்பம்.

அண்ணன் வாங்க வந்தவர் மாதிரி ஆரம்பித்தார். “இது என்னது?”

“நண்டு விரிப்பு சார். எத்தன மட்டம் தொவச்சாலும் சாயம் போகாது.”

“இது நண்டா?”

“பின்னே? எண்ணிப் பாருங்க.”

அண்ணன் விரலை வைத்து எண்ணினார். எண்ணி முடித்ததும் முகம் சிவந்துவிட்டது. “ஏட்டி ஜாய்ஸ், பத்து இருக்குட்டி!”

“நண்டுக்குப் பத்துத்தான சார்? கடிக்கியது ரெண்டு, நடக்கியது எட்டு. நாங்க சைவம், நண்டக் கிட்டத்துல பாத்ததுகூட இல்ல. முட்டத்து மீன் சந்தைக்கு பஸ் ஏறிப் போயி, மூக்கப் பொத்திக்கிட்டு எண்ணிட்டு வந்தேன். மொதல்ல ஆறுதான் வச்சேன். வாறவன் எல்லாம் மிச்சக் கால் எங்கன்னு கேக்கான்.”

“எனக்க பெண்டாட்டி வச்சது கால் இல்ல, செட்டை!” என்று அண்ணன் போட்ட சத்தத்தில், கோட்டைக்குள் போய்க்கொண்டிருந்த கூட்டம் திரும்பி நின்றது. ஒருத்தர் போனை எடுத்து வீடியோ பிடிக்கவே தொடங்கிவிட்டார்.

செல்வி சட்டென்று எழுந்தாள். “ரூபி அக்கா வீட்டுக்காரவியளா?”

அவள் மழுப்பவில்லை மைனி. அதை நான் சொல்லியாக வேண்டும். உங்கள் விரிப்பைப் பார்த்துத்தான் தைத்தேன் என்று முதல் வார்த்தையிலேயே ஒத்துக்கொண்டாள். அது எனக்கு இன்னும் கோபத்தை மூட்டியது. “பாத்துத் தச்சா, செஞ்சவளுக்க பேரச் சொல்லாண்டாமா? அடுத்தவ மூளையில உதிச்சத எடுத்து இப்பிடியா விக்கியது?” என்று கேட்டேன்.

அவள் விரிப்பின் ஓரத்தைப் பிடித்து என் முன்னால் நீட்டினாள். “இந்தச் செவப்பும் வெள்ளையும் பட்டை எங்க உள்ளது, தெரியுமா? எங்க ஊரு சாஸ்தா கோயில் மதிலாக்கும். பஸ்ஸுல போகும்ப பாத்துப் புடிச்சுப் போயித்து, அப்பிடியே வச்சேன்னு அக்காவே எனக்கிட்ட சொன்னாவ. எங்க ஊருக்காரன் எவனாவது ஒங்க சர்ச்சுக்கு வந்து சண்ட போட்டானா?”

நான் அந்தப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இத்தனை வருஷமும் அது வெறும் சிவப்பு வெள்ளை என்றுதான் நினைத்திருந்தேன். சாஸ்தா கோயில் மதிலுக்குள்ளே ஒரு தூதனை உட்காரவைத்து, போதகர் ஜெபம் பண்ண, சபை ஏலத்தில் விற்றிருக்கிறீர்கள். என்னிடம் ஏன் மைனி சொல்லவில்லை? நான் சிரித்துக் காட்டிக்கொடுத்துவிடுவேன் என்றா?

அண்ணன் விடவில்லை. “அது மதிலு. இது எனக்க பெண்டாட்டி செஞ்சது. அவகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

“கேட்டேன் சார். ஒங்க கடைக்குப் பிளவுஸ் தைக்கக் குடுக்க வந்தப்ப, அக்கா மட்டும் இருந்த நேரம் கேட்டேன். ‘அக்கா, இத நானும் தைக்கட்டா’ன்னு.”

“என்ன சொன்னா?”

“கண்ணாடிக்கு மேல ஒரு பார்வ பாத்தாவ. ‘ஒனக்க கையில நிக்குமானா தை, பாப்போம்’னாவ.”

நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதை எவளும் இட்டுக்கட்ட முடியாது. கண்ணாடிக்கு மேலே அந்தப் பார்வையும் அந்தப் பேச்சும் உங்களுடையதுதான். திடீரென்று நீங்கள் அந்தக் குடைக்குக் கீழே நிற்கிற மாதிரி இருந்தது. அண்ணன் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். செல்வி ஓடிப்போய் நன்னாரி சர்பத் வாங்கிவந்து கையில் கொடுத்தாள்.

அது அனுமதியா, அவமானப்படுத்தியதா? பெனிட்டாவிடம் போனில் கேட்டேன். இரண்டாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்றாள். நீங்கள்தான் சொல்லவேண்டும், நீங்களோ இல்லை.

சர்பத் குடித்து முடிப்பதற்குள் ஒரு சமாதானம் உண்டானது. இனி செல்வி தைக்கிற விரிப்பு ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர் இருக்கவேண்டும். “ரூபியின் தூதன்” என்று போடச் சொன்னார் அண்ணன். நண்டைத் தூதன் என்று சொல்லி விற்றால் வாங்குகிறவன் சிரிப்பான் என்றாள் செல்வி. “ரூபி நண்டு” என்று அவள் சொல்ல வாயெடுத்ததும் அண்ணன் பாதி எழுந்துவிட்டார். கடைசியில் கீழ்மூலையில் சிவப்பு நூலால் “ரூபி” என்று மட்டும் போடுவதாக முடிவாயிற்று. செட்டை விஷயத்தில் இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. ஆறு வைத்ததும் இருக்கட்டும், பத்து வைத்ததும் இருக்கட்டும், வாங்குகிறவர்கள் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும் என்று நான்தான் நடுவில் புகுந்து சொன்னேன்.

கொஞ்ச நாள் கழித்து, அவள் சொன்னபடி செய்கிறாளா என்று பார்க்கவேண்டும் என்றார் அண்ணன். போனோம். எல்லாவற்றிலும் உங்கள் பெயர் அழகாக இருந்தது. அப்போது வெளியூர்ப் பெண் ஒருத்தி பத்துக்கால் விரிப்பை விரித்துப் பார்த்துவிட்டு, “அட, இந்த நண்டு பேரு ரூபியா? ரொம்ப க்யூட்டா இருக்கே!” என்றாள்.

செல்வி நாக்கைக் கடித்தாள். நான் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் அந்தப் பெண்ணைப் பார்த்தார். விரிப்பைப் பார்த்தார். “ஆமாம்மா, ரூபிதான். கொஞ்சம் கோவக்காரி. பாத்துப் பொழங்கணும்” என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார் மைனி. இருமல் வருகிறவரை சிரித்தார். நீங்கள் போனபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கண்ணில் தண்ணீர் வழிய, கையில் அகப்பட்ட விரிப்பில் துடைத்துக்கொண்டார். “சார், சார், அது விக்கிய சரக்கு!” என்று செல்வி பிடுங்கினாள்.

இப்போது சனிக்கிழமை தோறும் அங்கே போய்விடுகிறார். ஆறு செட்டை விரிப்பின் பக்கத்தில் நின்றுகொண்டு, நின்று கேட்கிறவர்களுக்கெல்லாம் தூதனைப் பற்றி விளக்கம். பாதிப்பேர் தப்பிப்பதற்காகவே வாங்கிவிடுகிறார்கள் என்று செல்வி சொல்கிறாள்.

எனக்குத்தான் இன்னும் தெளியவில்லை. பெயரைப் போட்டுவிட்டால் காப்பி அடித்தது சரியாகிவிடுமா? நீங்கள் மதிலைப் பார்த்து எடுத்தது ஆசை, அவள் உங்களைப் பார்த்து எடுத்தது திருட்டு என்று நான் எப்படிச் சொல்வேன்? கடைக்கு வருகிறவர்கள், “நீங்க தச்சுத் தாங்களேன்” என்கிறார்கள். உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நான் தைத்தால் அது பாத்தியதையா, காப்பியா? எனக்குக் கை ஓடவில்லை.

எனக்கு ஓடாத கை இன்னொருவருக்கு ஓடுகிறது. போன வாரம் கடையைத் திறந்தபோது, உங்கள் மிஷினில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். செல்வி தைப்பதைப் பார்த்துப் பார்த்துத் தனக்கும் வந்துவிட்டது என்று நினைப்பு. முதல் நாள் துணியோடு தன் சாரத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டு, எழுந்திருக்க முடியாமல் “ஏட்டி, கத்தரி எடு!” என்று கூப்பாடு. மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும்.

அவர் தைப்பது உங்கள் தூதனைத்தான். ஒரு செட்டை ரப்பர் இலை மாதிரி இருக்கிறது, இன்னொன்று செருப்பு மாதிரி. தலை எது என்று கேட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றார். எந்தக் கோர்ட்டுக்குக் கொண்டு போனாலும் இதை உங்கள் டிசைனின் காப்பி என்று ஒருவராலும் நிரூபிக்க முடியாது. அது பரலோகத்திலும் இல்லை, கடலிலும் இல்லை. ஆனால் நாக்கைத் துருத்திக்கொண்டு அவர் ஒவ்வொரு துண்டையும் வைக்கும்போது உங்கள் பெயரை முணுமுணுக்கிறார். தனக்கே தெரியாமல் முணுமுணுக்கிறார்.

நேற்று அதை என்னிடம் நீட்டி, “நீ இதக் கொஞ்சம் சரியாக்கித் தாட்டி” என்றார். நான் கையில் வாங்கவில்லை.

சத்தியம் பண்ணக்கூடாது என்று வேதத்தைக் காட்டி நீங்கள் திட்டுவீர்கள், அதனால் வாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள் மைனி. அவர் எத்தனை கோணலாகத் தைத்தாலும், எத்தனை முறை கேட்டாலும், அதில் ஒரு தையலைக்கூட நான் பிரிக்க மாட்டேன்.

உங்களிடம் தையல் படித்து, உங்களிடமே திட்டும் வாங்கிய நாத்தனார்,
ஜாய்ஸ்