ஆறு மாத அவகாசம்

அடையாறு,
3-10-1929

அன்புள்ள மன்னிக்கு,

சூடா தெண்டனிட்டு எழுதியது. டில்லியில் சட்டம் நிறைவேறிவிட்டது. வருகிற ஏப்ரல் முதல், பதினாலு வயதுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தால் தண்டனை. இத்தனை வருஷமாக நம் ஊர்ச் சட்டசபை அங்கத்தினர்களின் வாசலில் காத்துக் கிடந்து, குழந்தைகள் விஷயமாகக் குறிப்பு எழுதிக் கொடுத்தது வீண் போகவில்லை. முரண்டு பிடித்தவர்களை வழிக்குக் கொண்டுவர ஆறு மாத அவகாசம் தரலாம் என்று யோசனை சொன்னவர்களில் நானும் ஒருத்தி. எட்டு வயதில் தாலி ஏறிப் பத்தில் இறங்கியவள் சொல்கிறேன், நம் கோமளா தப்பித்தாள். பதினோரு வயதுக் குழந்தை நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போகட்டும். அவள் கேட்ட பூகோளப் படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள்,
சூடாமணி

சித்திரக்குளம், மயிலாப்பூர்,
12-1-1930

சூடாவுக்கு மன்னியின் ஆசீர்வாதம்.

தப்பித்தாள் என்று நீ எழுதின பெண்ணுக்குத் தை கடைசியில் முகூர்த்தம் வைத்தாயிற்று. அழுது பார்த்தேன், பட்டினி கிடந்தும் பார்த்தேன். உன் அண்ணா மசியவில்லை. "சூடாவே ஆறு மாசம் டயம் வாங்கிக் குடுத்திருக்கா. அதுக்குள்ள முடிச்சுட்டா என்ன தப்பு?" என்று உன் கடிதத்தையே எனக்குப் படித்துக் காட்டுகிறார். ஊரெல்லாம் இதே அவசரம். சமையற்காரர் கிடைப்பது குதிரைக் கொம்பாயிருக்கிறது.

நீ நேரில் நின்று கேட்டால் அவருக்கு மறுக்க வாய் வராது. ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் பேசுகிறாய். உன் வீட்டுக் குழந்தைக்கும் ஒரு தடவை வந்து பேசேன்.

ஆசிகளுடன்,
ஜலஜா மன்னி

அடையாறு,
17-1-1930

அன்புள்ள மன்னிக்கு,

நான் எப்படி வருவேன்? அவகாசம் முடியும்வரை எந்தக் கல்யாணத்துக்கும் குறுக்கே நிற்கமாட்டேன் என்று அங்கத்தினர்களிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். சொந்த அண்ணா வீட்டிலேயே போய் மல்லுக்கு நின்றால், சட்டத்தை ரத்து செய்யக் காத்திருப்பவர்களுக்கு அதுவே போதும். ஆயிரம் குழந்தைகளை நினைத்து மனசைக் கல்லாக்கிக் கொண்டேன். அண்ணாவுக்குத் தனியாகக் கெஞ்சி எழுதியிருக்கிறேன். கோமளாவைத் தேற்றுங்கள்.

சூடா

சித்திரக்குளம்,
20-2-1930

சூடாவுக்கு,

கல்யாணம் நடந்துவிட்டது. உன் கடிதத்தை உன் அண்ணா பிரிக்கவே இல்லை.

ஊஞ்சலில் உட்கார்த்தும்போது கோமளா ஓயாமல் அழுதாள். நடுவில் என் காதருகே வந்து, "அத்தைக்குத் தெரியுமோன்னோ?" என்று கேட்டாள். தெரியும் என்றேன்.

"அப்போ வந்துடுவா" என்றாள். அதோடு அழுகையை நிறுத்திவிட்டாள். திருமாங்கல்யம் ஏறுகிறவரை குழந்தை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

நீ செய்தது நியாயமாகவே இருக்கலாம். எனக்கு அவ்வளவு படிப்பில்லை. பூகோளப் படத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். படிக்கிற பெண் யாருக்காவது கொடு.

ஜலஜா