அப்பாவைத் தூக்கும் நேரம்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் என் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே பாதி சுகம். மீதியை மறைத்தால் உன் அக்கா போட்டு உடைத்துவிடுவாள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன், பதறாதே.

போன மாதம் அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கும்போது என் முதுகில் மளுக்கென்று ஒரு சத்தம். பிடிப்புதான் என்று தைலம் தேய்த்துக்கொண்டு நடமாடினேன். வலி அடங்காமல் போய்ப் படம் எடுத்ததில் முதுகெலும்பு ஒன்று நசுங்கியிருக்கிறதாம், எலும்பெல்லாம் உள்ளுக்குள் பஞ்சாகிவிட்டதாம். டாக்டரம்மா சின்னப் பெண், இந்தக் கிழவிக்கு என்ன புரியும் என்று தள்ளாமல் மருந்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள், அஞ்சாம் வகுப்புதான் என்றாலும் நானும் ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டேன். வாரம் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், ஆனால் எனக்கிருக்கும் நெஞ்செரிச்சலுக்கு அது ஒத்துவராதாம். ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி, தேதி தவறக்கூடாது, நடுவில் விட்டால் எலும்பு மளமளவென்று பலம் இழந்துவிடுமாம். உன் அக்காவுக்குத் தன் பிறந்தநாளே ஞாபகம் இருக்காது, அவளை நம்பி அதில் இறங்க முடியுமா? கடைசியில் வருஷத்துக்கொரு தடவை நரம்பில் ஏற்றுகிற மருந்து என்று முடிவானது. சிறுநீரகத்துக்காக ரத்தம் பார்த்தாயிற்று, சொத்தைப் பல்லையும் முன்னதாகவே பிடுங்கியாயிற்று, இப்போது பல் விழுந்த உன் மகளுக்கு நான்தான் ஜோடி.

எல்லாம் கேட்டுவிட்டு, மருந்து ஏறின பிறகு அவரை எப்போது தூக்கலாம் என்று கேட்டேன். அவள் பேனாவை மூடிவைத்துவிட்டு, பாட்டி, இதெல்லாம் இனிமே எலும்பு உடையாம இருக்கத்தான், தாத்தாவைத் தூக்கறதுக்கு இதுல மருந்து இல்ல என்றாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். வாதத்தில் வாய் கோணினாலும் வாய்க்கொழுப்பு குறையவில்லை, எலும்பு தேஞ்சுச்சாம், திமிரு தேயலையே என்று குழறினார். அப்புறம் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நேற்றிலிருந்து அப்பாவைத் தூக்கி உட்காரவைக்க ஆள் ஒருவன் வருகிறான். நல்ல பிள்ளை, பதமாகத்தான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார். படுத்த நாளிலிருந்து என் கையைத் தவிர வேறு கை அவர் உடம்பில் பட்டதில்லை. நான் கதவோரம் நின்றேன். சும்மா நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லையப்பா.

நீ அடித்துப் பிடித்து ஓடிவர வேண்டாம். காலையில் அந்த ஆள் வருகிற நேரத்துக்கு, உனக்கு அது சாயங்காலம், கூப்பிட்டு அப்பாவிடம் பேசு. உடம்பு எப்படி என்று கேட்காதே, ஆபீஸ் வம்பு, பேத்தியின் சேட்டை, எதையாவது சொல். போனை அவர் காதில் நான் பிடித்துக்கொள்கிறேன். உன் குரல் கேட்டுக்கொண்டிருந்தால் தூக்குகிற கை யாருடையது என்று அவர் நினைக்க மாட்டார்.

மூன்று பேரும் நோய்நொடி அண்டாமல் நிறைவாக வாழ வேண்டும். கடிதம் கிடைத்த மறுநாளே கூப்பிடு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா