மருந்து மூடியில் ஒயின்

12 ஜனவரி 2025, ஞாயிறு

இன்று ஒயின் ருசி பார்க்க இரண்டு கூட்டம். காலையில் எலக்ட்ரானிக் சிட்டி பிள்ளைகள், மத்தியானம் ஓசூர் குடும்பங்கள். பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. ஆனாலும் வாரம் முழுக்க ஒயின் கம்பெனி லேபில் புளிப்பையும் சர்க்கரையும் அளந்துகொண்டிருப்பவளுக்கு இந்தச் சனி ஞாயிறுதான் உயிர். கெமிஸ்ட்ரி படித்தவளுக்குக் கூட்டத்தின் முன்னால் நின்று பேச வரும் என்று நாற்பத்து நான்கு வயதுவரை எனக்கே தெரியாது.

கம்பெனி கொடுத்த தாளில் பிளாக்பெர்ரி, செடார் மரம் என்றெல்லாம் போட்டிருக்கிறது. நானும் பார்த்ததில்லை, வருகிறவர்களும் பார்த்ததில்லை. ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினுக்கு நான் சொல்வது நாவல்பழம், இடித்த மிளகு. சாவிஞான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினுக்குப் பச்சை மிளகாயின் காம்பைக் கிள்ளின வாசனை. உடனே எல்லோரும் மூக்கைக் கிளாஸுக்குள் விடுகிறார்கள். வாயில் சுழற்றிவிட்டுத் துப்ப வேண்டும் என்றதும் ஓர் அம்மா கேட்டார்: "வெத்தல துப்புற மாதிரிங்களா?" அதே மாதிரிதான் என்றேன். நானும் துப்பிவிடுவேன். இதுவரை ஒரு மடக்கு விழுங்கியதில்லை.

கடைசியில் மேனேஜர் பிரேம்குமார் எழுதிக் கொடுத்த வரி. 'தினமும் ஒரு சின்ன கிளாஸ் ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது என்று சொல்வார்கள்.' அதற்குப் பிறகுதான் பில் போடும் இடத்தில் கூட்டம் சேர்கிறது.

19 ஜனவரி, ஞாயிறு

யாரோ என்னை வீடியோ எடுத்திருக்கிறார்கள். அது சுற்றிச் சுற்றி என் வீட்டுக்காரருடைய பேக்டரி ஷிப்ட் குரூப்புக்கே வந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தபோது போனை நீட்டினார். சிவப்புக் கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் — "இதயத்துக்கு நல்லதுன்னு சொல்வாங்க."

"லைன்ல எல்லாப் பயலும் கேக்குறான். ஏம்ப்பா பூபதி, ஒம் பொண்டாட்டி ஊருக்கே மருந்து சொல்லுது, ஒனக்கு ஊத்தலையான்னு."

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு சிரிக்காமல் கேட்டார். "நெசமாவா ராஜி?"

"சொல்வாங்க."

"யாரு சொல்வா?"

குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய்விட்டேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அவருக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். குடிப்பழக்கம் இல்லாத மனிதர். பிளான்ட் பார்ட்டியில்கூட சோடா கிளாஸோடு உட்கார்ந்திருந்துவிட்டு, மற்றவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் வீட்டில் விடுகிறவர்.

22 ஜனவரி, புதன்

கேட்டார். கொண்டுவந்துவிட்டேன்.

பொங்கலுக்கு ஸ்டாஃபுக்குக் கொடுத்த ஷிராஸ் பாட்டில் லேபிலேயே கிடந்தது. துண்டில் சுற்றி டிபன் கேரியருக்கு அடியில் வைத்தேன். கம்பெனி அந்தப் பக்கம் கர்நாடகாவில், வீடு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில். பாட்டிலோடு எல்லை தாண்டக் கூடாது. பாகலூர் வரும் வழியில் போலீஸார் எங்கள் கம்பெனி வேனை நிறுத்தினார்கள். பக்கத்து சீட்டில் டேஸ்டிங் ரூமில் ஊற்றிக் கொடுக்கும் மாதேஸ்வரி. பேரிகை ஊர்க்காரி. குனிந்து சொன்னாள்: "அக்கா, மூஞ்சிய அப்டி வெச்சிக்காதீங்க. பாட்டிலு கீழ கீதுன்னு மூஞ்சே சொல்லுது." போலீஸ்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்.

வீட்டில் அவர் என்ன செய்தார் தெரியுமா? இருமல் மருந்து பாட்டிலின் மூடியைக் கழுவி எடுத்து வந்தார். மாத்திரைகளைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு அந்த மூடியில் ஒயினை ஊற்றி, கண்ணை மூடி, ஒரே மடக்கு. முகம் கோணியது. முதலில் முகர்ந்து பாருங்கள், நாக்கில் கொஞ்ச நேரம் வையுங்கள் என்றேன்.

"மருந்த எவன் மோந்து பாத்துக் குடிக்கிறான்?"

31 ஜனவரி, வெள்ளி

மதியம் லேபில் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தேன். திராட்சைத் தோலில் ஒரு பொருள் இருக்கிறது, எலிக்குக் கொடுத்தார்கள், நல்லதாம். அந்த அளவு ஒரு மனிதனுக்குக் கிடைக்கவேண்டுமென்றால் எத்தனை பாட்டில் குடிக்க வேண்டும் என்று யோசித்தால் சிரிப்புத்தான் வருகிறது. தினம் ஒரு கிளாஸ் குடித்தவர்கள் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்ற பழைய ஆராய்ச்சிகளையும் இப்போது சந்தேகிக்கிறார்கள். அவர்கள் வசதியானவர்கள், நடந்தவர்கள், நல்லதாகச் சாப்பிட்டவர்கள். ஒயின்தான் காரணம் என்று யார் சொல்வது?

அவரிடம் சொன்னேன். "ஒரு மூடி. அதுல என்ன வந்துரப்போகுது" என்றார். கெமிஸ்ட்ரிப்படி அவர் சொல்வது சரி. ஒரு மூடி நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. பிறகு ஏன் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை?

5 பிப்ரவரி, புதன்

லேபிலிருந்து தளிக்குப் போயிருந்தோம். கம்பெனி அங்கே ஒரு சரிவில் சோதனைக்காக ஷிராஸ் கொடி வைத்திருக்கிறது. வெயில் ஏறும்வரை ஸ்வெட்டரைக் கழற்ற முடியவில்லை. தோட்டக்காரர் கன்னடத்திலேயே பேசினார், நான் தமிழிலேயே பதில் சொன்னேன், இரண்டு பேருக்கும் புரிந்தது. பழங்களைப் பிழிந்து சர்க்கரை பார்த்தேன். இன்னும் நாளாகும்.

நாசிக்கிலிருந்து லாரியில் வருவதும் ஷிராஸ்தான், நந்தி மலைப் பக்கம் விளைவதும் ஷிராஸ்தான். நாசிக் பழத்தில் வெயில் தெரிகிறது, ஜாம் மாதிரி கெட்டியான ருசி. நந்திப் பக்கத்தில் மிளகு. தளிப் பழத்தில் புளிப்பு கூர்மையாக நிற்கிறது, கொட்டையைக் கடித்தால் நெல்லிக்காய்த் துவர்ப்பு. ராத்திரிக் குளிர் அந்தப் புளிப்பைக் காப்பாற்றி வைக்கிறது. ராஜபாளையத்து வெயிலில் வளர்ந்து இந்தக் குளிருக்கு வந்தவள், எனக்குள் எது நின்றது, எது போனது என்று யோசிக்க ஆரம்பித்தேன். நிறுத்திக்கொண்டேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

அந்த வரியை இன்றும் சொன்னேன். வாய் கூசியது. பதினோரு பாட்டில் விற்றதாம்.

18 பிப்ரவரி, செவ்வாய்

உலை வைக்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் அரிசி எடுக்க அலமாரியைத் திறந்தேன். அவருடைய பாட்டில். சும்மா, பழக்க தோஷம், கார்க்கை எடுத்து முகர்ந்தேன். திறந்து இத்தனை நாளான ஒயின் வினிகராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. புதிதாக இருக்கிறது. அது மட்டும் இல்லை. நாவல்பழம் எங்கே? மிளகு எங்கே? கும்மென்று ஒரு திராட்சை மிட்டாய் வாசனை.

பெங்களூர் ப்ளூ திராட்சை. அந்தப் பழ லாரி கேட்டுக்குள் நுழைந்தாலே லேபில் இருந்தபடி சொல்லிவிடுவேன், உலகத்தில் வேறு எதுவும் அப்படி மணக்காது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். சர்க்கரை. அத்திப்பள்ளிக் கடைகளில் கிடைக்கிற இனிப்பு போர்ட் ஒயின். நம் ஷிராஸைவிடக் காட்டம்.

பாட்டிலின் மட்டம் மட்டும் மூடி மூடியாகக் குறைந்த மாதிரி அழகாக நிற்கிறது. அப்படியென்றால் வேறு பாட்டில் வாங்குகிறார். குடிக்கிறார். இதிலும் ஊற்றி எனக்காக மட்டம் காட்டுகிறார்.

எவ்வளவு நாளா? எவ்வளவு? நான் இங்கதானே இருக்கேன், இதே வீட்டுலதானே இருக்கேன், எனக்கு ஏன் தெரியல?

20 பிப்ரவரி, வியாழன்

கேட்கவில்லை. மாத்திரைக்குப் பிறகு மூடியில் ஊற்றிக் குடித்தார், முகத்தைக் கோணிக் காட்டினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகக்கோணலைத்தான் தாங்க முடியவில்லை.

22 பிப்ரவரி, சனி

வரியைச் சொல்லவில்லை. கிளாஸை வைத்துவிட்டு "வாங்க, பீப்பாய்களைப் பார்ப்போம்" என்று நடந்துவிட்டேன்.

"மேடம், ஹார்ட் மேட்டர விட்டுட்டீங்க" என்றார் பிரேம்குமார்.

"மறந்துட்டேன் சார்."

"மறக்கக்கூடியதா அது? அதுக்குத்தான கூட்டமே வருது."

மாதேஸ்வரி கிளாஸ் துடைத்தபடி என்னைப் பார்த்தாள். மறக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

24 பிப்ரவரி, திங்கள்

இன்று செக்கப். ஈசிஜி, ரத்த ரிப்போர்ட். டாக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார்.

"சிகரெட்?"

"இல்ல சார்."

"ட்ரிங்க்ஸ்?"

"பழக்கமே கிடையாது சார்."

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவர் கணக்கில் குடிப்பது வேறு, இது வேறு. டாக்டர் அடுத்த தாளைப் புரட்டினார். இப்போது பேசாவிட்டால் என்றைக்கும் பேச மாட்டேன் என்று தோன்றியது.

"ஒயின் குடிக்கிறார் டாக்டர்."

"எவ்வளவு?"

"தெரியாது. நான் கொண்டுவந்தது ஒரு பாட்டில். அதுக்கு மேல இவரா வாங்கினது."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை.

"அதான் லிவர் ரிப்போர்ட் ஏறியிருக்கு" என்றார் டாக்டர். "ஒயின் ஹார்ட்டுக்கு நல்லதுன்னு குடிச்சீங்களா? யாரு சொன்னா?"

அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "நான்தான்" என்றேன்.

இதயத்துக்காக என்று யாருமே புதிதாகக் குடிக்க ஆரம்பிக்கக் கூடாது, ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தொடவே கூடாது என்றார் டாக்டர். இன்றோடு நிறுத்தச் சொன்னார்.

ஸ்கூட்டியை நான்தான் ஓட்டினேன். ராயக்கோட்டை ரோட்டில் டீக்கடை ஓரமாக நிறுத்தினேன்.

"அங்க வச்சு அசிங்கப்படுத்திட்டேல்ல" என்றார்.

"பாட்டில்ல இருந்தது ஷிராஸ் இல்லைங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

கையிலிருந்த டீ கிளாஸிடம் சொல்வது போலச் சொன்னார்:

"படுத்தா நெஞ்சு அடிக்கிறது காதுக்குள்ள கேக்குது ராஜி. அடுத்தது அடிக்குமா, அடிக்குமான்னு கெடக்கேன். ஒரு மூடி குடிச்சன்னைக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. ரெண்டு டம்ளர் குடிச்சா கேக்க மாட்டேங்குது. தூங்கிர்றேன்."

"பக்கத்துலதானே படுத்திருக்கேன். எழுப்பக் கூடாதா?"

"எழுப்பி என்னத்தச் சொல்ல? பயமாருக்குன்னா?"

அவருக்கு நாற்பத்தொன்பது வயது. லைனில் நாற்பது பேர் அவரைக் கேட்டுத்தான் மெஷினில் கை வைப்பார்கள்.

டீக்குக் காசு கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பினேன். எங்க போற என்றார். டாக்டர்கிட்ட, இதையும் சொல்லணும் என்றேன். வேணாம் என்றார். ஆனால் ஏறிக்கொண்டார்.

ஸ்டென்ட் வைத்தவர்களில் நிறைய பேருக்கு இந்தப் பயம் வருமாம், டாக்டர் சொன்னார். "இத முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று அதே ஆஸ்பத்திரியில் மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

2 மார்ச், ஞாயிறு

மூன்று பாட்டில் கையில் வைத்திருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "எனக்கு பைபாஸ் ஆயிருக்கும்மா. டெய்லி ஒரு கிளாஸ் எடுக்கலாமில்ல? நெட்டுல நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னேன், தப்பாகச் சொன்னேன் ஐயா என்றேன். இது நாவல்பழம் மாதிரி மணக்கும், நந்திப் பக்கத்து மண்ணில் விளைந்தது, பிடித்தவர்கள் எப்போதாவது ருசிக்காகக் குடிக்கலாம், மருந்து இல்லை என்றேன். மூன்று பாட்டிலையும் திரும்ப வைத்துவிட்டுப் போனார். பின்னால் நின்றிருந்தவர்களும் வைத்தார்கள்.

பிரேம்குமார் கத்தவில்லை. "சாயங்காலம் பேசலாம் மேடம்" என்றார்.

வீட்டில் அலமாரி காலி. மிச்சமிருந்ததை அவரே சிங்க்கில் ஊற்றியிருந்தார். இன்னும் சரியாகப் பேசுவதில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் சரியாக நாலு மணிக்கு, அந்த மனநல டாக்டரிடம் போகச் சட்டை மாற்றிக்கொண்டு நின்றார்.

9 மார்ச், ஞாயிறு

சனி ஞாயிறு இனி எனக்கு இல்லை. லேப் மட்டும். மாதேஸ்வரிதான் பேசுகிறாள், தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும். போனில் கேட்டேன், ஹார்ட் பற்றிக் கேட்டால் என்ன சொல்கிறாய் என்று. "அத்த டாக்டரக் கேளுங்க சார், நானு ஊத்தறவ அப்டின்னுட்டேங்க்கா." பிரேம்குமாருக்கு அவளை என்ன செய்வதென்று தெரியவில்லையாம்.

சிரித்தேன். பிறகு அழுகை வந்தது. அந்தக் கூட்டம், அந்த மூக்குகள் எல்லாம் கிளாஸுக்குள் போகும் நேரம் — எனக்குப் பிடித்திருந்தது.

23 மார்ச், ஞாயிறு

மத்தியானம் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. சாப்பிட்டுவிட்டு அவர் உள்ளே போய்ப் படுத்தார். நான் ஹாலில் உட்கார்ந்து அறுவடைக் குறிப்பு எழுதினேன். தளிப் பழம் இந்த வருடம் முரண்டு பிடிக்கிறது, புளிப்பை எப்படிச் சொல்வது என்று எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தேன்.

கதவைத் திறந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "டீ போடவா?"

நிமிர்ந்து பார்த்தால் வெளியே வெயில் சாய்ந்திருந்தது. தீபாவளியிலிருந்து அவர் கண் அசந்த எந்தப் பகலிலும் நான் அந்த அறை வாசலில் போய் நின்று, போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்க்காமல் இருந்ததில்லை. இன்று ஒரு தடவைகூட எழுந்து போகவில்லை.

"சர்க்கரை கம்மியாப் போடுங்க" என்றேன்.