விளக்கில்லாத படத்தில் வந்த வெளிச்சம்

காலையில் என் சட்டையைத் துவைக்க எடுத்த உன் மகள் முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னாப்பா, நீ வேலைய வுட்டாலும் கிருஷ்ணாயில் வாடை உன்ன வுடலயே" என்று சிரித்தாள். விழுப்புரம் ஸ்டேஷனில் சிக்னல் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றித் திரி வெட்டியே காலம் தள்ளியவன் மேல் வேறென்ன வீசும், ஜவ்வாதா? நானும் சிரித்தேன். உடனே, திண்டிவனத்து மாதா கோயிலில் அந்தப் படத்தின் முன்னால் நீயும் நானும் நின்றது நினைவுக்கு வந்துவிட்டது.

நம் சின்னவன் காய்ச்சலில் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சோறு வைத்தால் அதையே பார்த்துக்கொண்டிருப்பாய். அவன் பேரை யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுவாய். மகனோடு உன்னையும் இழந்துவிடுவேனோ என்று எனக்கு உள்ளுக்குள் நடுக்கம். அதனால்தான் உன் அக்கா வீட்டுக்கு உன்னைக் கூட்டிப்போனேன். "கோயில்ல சித்த நேரம் குந்திட்டு வாங்க" என்று அவள்தான் அனுப்பினாள்.

பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஆள் உயரப் படம். சிலுவையில் ஆண்டவர், காலடியில் வாய் திறந்தபடி மாதா, சுற்றிலும் சேவகர்கள். வானம் கரி பிடித்த சிம்னி மாதிரி. எப்படியாவது உன்னைப் பேசவைக்க வேண்டுமென்று, எட்டாவது வரை படித்த மேதாவித்தனத்தை அவிழ்த்துவிட்டேன்.

"சூரியனக் காணோம், ஒரு வெளக்கும் கெடையாது. மாதா மூஞ்சில மட்டும் எங்கேருந்து வெளிச்சம் வரும்? வரைஞ்சவனுக்கு நம்ம வேல தெரியல. சேவகனுங்கள அந்தம்மா என்னா திட்டு திட்டுது பாரு!"

நீ வெகுநேரம் பார்த்தாய்.

"இல்லீங்க. வெளிச்சம் புள்ள மேலருந்து வருது. அது திட்டல. பேரச் சொல்லிக் கூப்புடுது."

மறுபடி பார்த்தேன். ஆண்டவரின் வெளுத்த மார்பிலிருந்து கிளம்பிய மெல்லிய ஒளி, அந்தத் தாயின் நெற்றியிலும் பாதி திறந்த உதட்டிலும் வந்து தங்கியிருந்தது. அவ்வளவு இருட்டும் அதைத் தொடாமல் ஒதுங்கி நின்றது. நான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டேன். அது லேசில் நடக்கிற காரியமில்லை என்று உனக்கே தெரியும்.

அப்போதுதான் நீ கூப்பிட்டாய். "அந்தோணி..." நம் சின்னவன் பேரை, ஒரே முறை. கோயில் முழுக்கக் கேட்டது. பிறகு என் தோளில் சாய்ந்து அப்படி அழுதாய். வெளியே வந்ததும், "பசிக்குதுங்க" என்றாய்.

நீயும் கண்ணை மூடிய பிறகு தனியாக ஒருமுறை போய்ப் பார்த்தேன். மாதா இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். வெளிச்சம் துளியும் மங்கவில்லை. இப்போதெல்லாம் ஜெபம் முடிந்ததும் அவனையும் உன்னையும் பேர் சொல்லி வாய்விட்டுக் கூப்பிடுகிறேன். அப்போது என் முகத்திலும் ஏதோ வந்து படுகிற மாதிரி இருக்கிறது.