பத்திரிகையில் அச்சான பெயர்

முள்ளிப்பட்டு,
9-7-1979

அஞ்சலையின் அப்பாவுக்கு, பூங்காவனம் எழுதியது. இருவரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

கோர்ட்டில் விவாகரத்துத் தீர்ப்பாகி இரண்டு வருஷம் ஆகிறது. நீங்கள் ஒப்புக்கொண்ட மாதம் அறுபது ரூபாய் மாசியோடு நின்றுவிட்டது. நெசவாளர் சங்கத்தில் உறுப்பினர் நீங்கள்தான் என்று எனக்குப் பட்டு நூல் தர மறுக்கிறார்கள். அதனால் பலராமன் முதலாளியிடம் கூலிக்கு நெய்கிறேன். அஞ்சலையை ஒன்பதாவதோடு நிறுத்தித் தறியில் உட்கார வைத்துவிட்டேன். இரண்டு நாள் அழுதாள்.

இப்படிக்கு,
பூங்காவனம்

பெங்களூர்,
2-8-1979

பூங்காவனத்துக்கு,

உறுப்பினர் பதிவை உன் பெயருக்கு மாற்றச் சொல்லிச் சங்கத்துக்குக் கையெழுத்துப் போட்ட கடிதம் இத்துடன் இருக்கிறது. பணம் இப்போது முடியாது. இங்கே நான் கட்டிக்கொண்ட இவளுக்கும் பிள்ளை பிறந்திருக்கிறது. புடவைக் கடைச் சம்பளம் வாடகைக்கே போய்விடுகிறது.

அஞ்சலை என்னைக் கேட்கிறாளா?

மாணிக்கவேல்

பெங்களூர்,
20-1-1986

பூங்காவனத்துக்கு,

அஞ்சலைக்கு மாசியில் கல்யாணம் என்று கடைக்குச் சரக்கு கொண்டுவந்த காத்தவராயன் சொன்னான். எனக்குப் பத்திரிகை வரவில்லை. இவளும் பையனைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வருஷமாகிறது. தனியாகத்தான் இருக்கிறேன். கல்யாணத்துக்கு வந்து ஓரமாக நிற்கிறேன். இருநூறு ரூபாய் மணியார்டர் செய்திருக்கிறேன்.

மாணிக்கவேல்

முள்ளிப்பட்டு,
28-1-1986

அஞ்சலையின் அப்பாவுக்கு,

மூன்று இடத்தார் வந்து பார்த்தார்கள். "தீத்துவுட்டவ பொண்ணா? வாணாங்க" என்று எழுந்து போனார்கள். நாலாவதாகத் தெள்ளாரிலிருந்து வந்தவர்கள், "பொண்ணோட அப்பா எங்கங்க?" என்றார்கள். "தவறிட்டாருங்க" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கே பொட்டையும் அழித்தேன். பத்திரிகையில் 'காலஞ்சென்ற மாணிக்கவேல்' என்று அச்சாகிவிட்டது. தெரிந்தவர்கள் அவளுக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

தயவுசெய்து வராதீர்கள். மணியார்டரைத் திருப்பிவிட்டேன்.

பூங்காவனம்

பெங்களூர்,
4-2-1986

பூங்காவனத்துக்கு,

வரமாட்டேன். பெண் நன்றாயிருக்கட்டும். நீ பொட்டில்லாமல் மணப்பந்தலில் நிற்பதை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

மாணிக்கவேல்

முள்ளிப்பட்டு,
9-9-1987

அஞ்சலையின் அப்பாவுக்கு,

அஞ்சலைக்கு மகன் பிறந்து மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் வந்தவள், "அவருகிட்ட சொல்லிட்டேம்மா. எத்தினி நாளு மறச்சிகினு இருக்கறது?" என்றாள். மாப்பிள்ளை இரண்டு நாள் அவளோடு பேசவில்லையாம். மூன்றாம் நாள், "உங்கப்பா அட்ரஸ் வாங்கிகினு வா" என்றாராம். கொடுத்துவிட்டேன்.

நான் வரவில்லை. எனக்கு உங்களோடு பேச ஒன்றும் இல்லை. அவர்கள் குழந்தையோடு இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். எங்கும் போகாமல் வீட்டில் இருங்கள்.

பூங்காவனம்