அப்பாவைத் தூக்குவது யார்

அண்ணா,

நான் ராசிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அப்பாவுக்கு ஒன்றுமில்லை. என் இடுப்பைக் காட்டத்தான்.

பக்கவாதம் வந்த அப்பாவைப் பார்க்க மாதாமாதம் வரும் நர்ஸ் தனப்பிரியா அக்கா, இந்த முறை அவருக்கு பிரஷர் பார்த்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, "இவரைத் தூக்கி உக்கார வைக்கறது யாருங்க?" என்றார்.

"நாந்தானுங்க."

"அப்ப உங்க ஒடம்பு எப்படி இருக்குதுங்க?"

தறி வேலையை விட்டு அப்பாவோடு இருக்க ஆரம்பித்ததிலிருந்து யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. அக்காவே போனில் டாக்டரிடம் பேசிவிட்டு, "போர் போடற ரிக் வண்டிக்குப் போற அண்ணன் லீவுல வந்திருக்காருல்லங்க, அவரு பாத்துக்கட்டும். நீங்க வாங்க" என்றார்.

"ஊட்ல சும்மாதான இருக்கற" என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள். அதற்காகக் கோபித்துக்கொண்டு போகவில்லை, அண்ணா. இன்று ஒரு நாள் இருந்து பாருங்கள்.

ராகிக் கூழ் அடுப்பில் இருக்கிறது. தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். படுத்தபடி குடித்தால் புரையேறும். திருப்பிப் படுக்க வைக்கும்போது அடியில் இருக்கும் போர்வையைப் பிடித்து இழுங்கள், ஆளைத் தூக்க வேண்டாம். அக்கா சொல்லிக்கொடுத்தது.

சாயங்காலம் வந்துவிடுவேன்.

அறிவழகன்

பி.கு.: அப்பா உங்களையும் "அறிவு" என்றுதான் கூப்பிடுவார். பக்கத்தில் யார் இருந்தாலும் இப்போது அவருக்கு அந்தப் பெயர்தான் வாயில் வருகிறது. மனசு சங்கடப்பட வேண்டாம். "ஏனுங்கப்பா" என்று கேளுங்கள், பேசுவார்.