ஒரே பெட்டி, ஒரே கட்டணம்

ஜூன் 9, 2025, திங்கள்

பெருநாள் முடிந்து பட்டறை இன்று திறந்தது. காலித் புதிதாக மாதிரி வெட்டிய காலேஜ் பையை ஆன்லைன் கடையில் முன்பதிவுக்குப் போடச் சொல்கிறார். தோல் வந்து சேர மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை ஆர்டர் மட்டும் வாங்கி வைக்கலாம். வீங்கிய கால்களுக்கான ஷூ எப்போதும்போல் கையிருப்பில் இருக்கிறது. வெட்டுவதும் தைப்பதும் என் வீட்டுக்காரர் காலித் வேலை. படம், விலை, அனுப்பும் கூலி எல்லாம் என் தலையில்.

ஜூன் 12

கூலியில்தான் குழப்பம். முன்பதிவுப் பைக்குத் தனிக் கட்டணம் வைத்திருந்தேன். ஷூவையும் பையையும் சேர்த்து எடுப்பவர்களுக்கு இரண்டு கட்டணமும் விழுந்தது. நியாயம்தானே? ஷூ இப்போது போகும், பை பிறகு போகும். இரண்டு பார்சல். ஆனால் ஒருவர் எழுதியே கேட்டுவிட்டார், ஒரே கடையில் வாங்கியதற்கு இரண்டு கூலியா என்று. இன்னொருவர் பணம் கட்டும் இடம்வரை வந்துவிட்டு வாங்காமலே போய்விட்டார்.

மாற்றிவிட்டேன். பை சேர்ந்த ஆர்டர் என்றால் பை தயாராகும்வரை எல்லாமே நிற்கும். பிறகு ஒரே பெட்டி, ஒரே கட்டணம். காலித் பார்த்துவிட்டு, கெட்டிக்காரிதான் என்றார். பெருமையாக இருந்தது.

ஜூன் 20

டோம்பிவிலியிலிருந்து ரோஸி என்று ஒருவர் போன் செய்தார். நம் ஊர்ப் பக்கத்துத் தமிழ். வீட்டுக்காரர் ஜோசப்ராஜ் பேரில் ஷூவும், மகளுக்குப் பையும் போட்டிருக்கிறார்கள். ஷூ எப்போது வரும் என்று கேட்டார். சேர்ந்துதான் வரும் மேடம், அடுத்த மாதம் என்றேன்.

அடுத்த மாதமா என்று ஒருமுறை கேட்டார். பிறகு, "பரவாயில்லம்மா. வந்தாப் போதும்" என்றார்.

நல்ல மனுஷி. சண்டை போடவில்லை.

ஜூன் 26

மழை. சயான் பக்கம் தண்ணீர். கூரியர் வரவில்லை.

ஜூலை 7, திங்கள்

தோல் போன வாரமே வந்து, பைகள் தயாராகிவிட்டன. நின்றிருந்த ஆர்டர்களை ஒவ்வொன்றாகக் கட்டினோம். அனுப்புவதற்கு முன் முகவரி சரிபார்க்கப் போன் செய்து வந்தேன். ரோஸியின் நம்பரில் மகள் எடுத்தாள். பெயர் ஜெனி. அப்பா பேருக்குப் பார்சல் வருது, வீட்டில் ஆள் இருப்பீர்களா என்று கேட்டேன்.

"அப்பா போன மாசக் கடைசியில தவறிட்டாங்க ஆண்ட்டி. கிட்னி. பேக் மட்டும் அனுப்புங்க, போதும்."

ஸாரி என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

ஷூ அலமாரியில்தான் இருந்தது. அவர்கள் ஆர்டர் போட்ட அன்றே எடுத்து, பேர் ஒட்டி, பைக்காகக் காத்திருக்கட்டும் என்று வைத்தது நான்தான். ஜோசப்ராஜ் என்று என் கையெழுத்து.

ஜூலை 8

பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். பேர் தெரியாவிட்டாலும் தெரிகிறது.

ஜூலை 10

ரயிலில் எல்லார் காலையும் பார்க்கிறேன். குர்லாவில் ஒரு அம்மா ஏறினாள், செருப்பின் வார் பாதத்தில் புதைந்து கிடந்தது. பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காலிதிடம் சொன்னேன். நீ என்ன செய்வே, வேணும்னா அவங்க கேட்டிருக்கணும் என்றார். அவர் சொல்வதும் சரிதான். ஆனா அவங்க கேட்டாங்களே? எப்ப வரும்னு கேட்டாங்களே. அது கேட்டது இல்லையா? நான்தான் மேடம் மேடம்னு சட்டம் பேசினேன். பரவாயில்லம்மா, பரவாயில்லம்மா — சமைக்கும்போதும் அந்தக் குரல்தான். கொடியில் காலிதின் சாக்ஸ் காய்ந்துகொண்டிருந்தது. காரணமே இல்லாமல் அதை உருவி உள்ளே போட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

கூரியரில் அனுப்ப மனம் வரவில்லை. நானே டோம்பிவிலி போனேன். பை ஒரு கவரில், ஷூ ஒரு கவரில். ஷூவைக் கொடுப்பதா வேண்டாமா என்று தாணே தாண்டும்வரை முடிவு செய்யவில்லை.

ரோஸி அக்கா சர்ச் பூசையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். சின்ன வீடு, ரொம்பச் சுத்தம். ஜெனி பையைத் திறந்து பார்த்துவிட்டு, அம்மா முகத்தைப் பார்த்து மூடிவிட்டாள். டீ கொடுத்தார்கள். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று ஆரம்பித்தேன். அதைக் கேட்கவே இல்லை. அவர்களாகவே பேசினார்கள்.

"கோட்டு சூட்டெல்லாம் இருந்துச்சும்மா, கல்யாணத்துக்குத் தச்சது. காலுக்குத்தான் ஒண்ணும் சேரல. அந்த அளவுக்கு வீங்கியிருந்துச்சு. பெட்டியில சாக்ஸோட படுக்க வச்சோம். வந்தவங்க எல்லாரும் முகத்தப் பாத்தாங்க. நான் காலத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அவர்களுக்குத் தெரியாது. ஷூவைத் தைக்கத்தான் நாள் ஆனது என்று நினைத்திருக்கிறார்கள். நான் பேசாமல் எழுந்து வந்திருக்கலாம். அப்படியே வாசலைத் தாண்டிவிடலாம் என்றுதான் இருந்தது.

"அக்கா, ஷூ அப்பமே ரெடியா இருந்துச்சு. பைக்காக நிப்பாட்டி வச்சது நான்தான்."

ஜெனி அம்மாவின் தோளைப் பிடித்தாள். அக்கா ஷூ இருந்த கவரையே பார்த்தார்கள்.

"அலமாரியிலயா இருந்துச்சு?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா, எதுக்குன்னு." டீக் கோப்பையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "நானும் சொல்லல. அவியளுக்கு முடியலன்னு ஒருத்தர்ட்டயும் சொல்லாம இருந்தேன். சொன்னா நெசமாயிரும்னு" என்றார்கள்.

ஷூவை வாங்கவில்லை. "நீங்களே கொண்டுபோயிருங்க. இங்க கெடந்தா நான் காலத் தேடுவேன்."

கதவுவரை வந்தது ஜெனி மட்டும்.

ஜூலை 14

நேற்று திரும்பும்போது ரயிலில் கவரை மடியில் வைத்தேனா, சீட்டில் வைத்தேனா? மடியில்தான். கனமே இல்லை.

ஜூலை 16

கடையின் கட்டண அமைப்பை மறுபடி மாற்றினேன். இருக்கும் பொருளை உடனே பெற ஒரு வழி, சேர்த்துப் பெற ஒரு வழி. எது வேண்டுமோ அவர்களே தேர்ந்துகொள்ளலாம். முதல் நாளே இப்படி வைத்திருக்கலாம். ஆனால் இதுவும் போதாது. கூலி குறைவு என்று ரோஸி அக்காவும் சேர்த்துப் பெறுவதைத்தான் தேர்ந்திருப்பார்கள்.

ஜூலை 22

திருப்பிக் கொண்டுவந்து வைத்த ஷூ பெட்டி அலமாரியில் இல்லை. காலித் பெட்டியைப் பிரித்து அட்டையை எடுத்துக்கொண்டாரோ என்று பதறிக் கேட்டேன். ஷூவை ஆஸ்பத்திரி வாசலில் ஒருவருக்குக் கொடுத்தேன் என்றார். யாருக்கு என்று கேட்டேன்.

"காலுக்குச் சேந்துச்சு சஃபீனா. அதோட விடு."

விட்டேன் என்று எழுதினால் பொய். காலி இடத்தைத் துடைத்து நூற்கண்டுகளை அடுக்கினேன். கண் அங்கேதான் போகிறது.

ஜூலை 29

சேர்த்து அனுப்பச் சொல்லும் ஆர்டர் ஒவ்வொன்றுக்கும் இப்போது போன் செய்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். ஒருத்தி நம்பரை பிளாக் செய்துவிட்டாள். காலித் தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் ஐரோலியிலிருந்து ஒரு ஆர்டர். ஒரு ஜோடி ஷூ, ஒரு முன்பதிவுப் பை, ஒரே கட்டணம். போன் செய்தேன். ஆள் ஆபீஸில் இருந்தார் போலிருக்கிறது, எரிச்சலாகப் பேசினார். சாமான் வாங்கினால் விசாரணையா என்று கேட்டார்.

"விசாரணை இல்லண்ணா. ஷூ இப்பமே கையில இருக்கு. ஏதாவது தேதிக்குள்ள வேணும்னா சொல்லுங்க, அதுக்குத்தான்."

வைத்துவிட்டார் என்று நினைத்தேன். பின்னால் யாரோ இந்தியில் பேசும் சத்தம் கேட்டது. பிறகு கதவு சாத்தும் சத்தம்.

"வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு ஆபரேஷன்ல ஒரு காலை எடுக்கிறாங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவ ரெண்டு கால்லயும் ஷூ போட்டு நடக்கணும்னு அவங்களுக்கு ஆசை" என்றார்.

நான் போனை இறக்குவதற்குள், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த காலித் கையைத் துடைத்துக்கொண்டு பைக் சாவியை எடுத்திருந்தார். வெளியே நல்ல மழை.

"ஐரோலியில எங்கன்னு கேளு."